முதல் ஓட்டத்தை வைத்துக் கணக்குப் போடுவது

அன்புள்ள சேகருக்கு,

உன் பந்தயக் குதிரைக்குட்டி முதல் ஓட்டத்திலேயே நாலு லெங்த்தில் (நாலு குதிரை நீள இடைவெளியில்) ஜெயித்ததும், உன் கடிதத்தில் நீ இந்தியன் டெர்பி என்ற பெரிய பந்தயம் வரைக்கும் போய்விட்டாய். கொஞ்சம் இரு.

வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதல் 800 மீட்டரை 50 விநாடிக்கு ஓட்டியிருக்கிறார்கள். அது மந்தமான வேகம். இப்படிப்பட்ட பந்தயத்தில் முன்னால் போகிற குதிரைக்கு மூச்சு மிச்சமிருக்கும், பின்னால் வருவது பிடிப்பது கஷ்டம். உன் குட்டி பந்தயம் தொடங்கும் கேட்டில் பிந்திக் கிளம்பியும் கடைசி 400ஐ 24 விநாடியில் முடித்துவிட்டது. ஜாக்கி சாட்டையைத் தொடவே இல்லை. நாலு லெங்த்தைவிட இதுதான் பெரிது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. வளைவில் எந்த முன்னங்காலை முன்வைத்து ஓடியதோ, நேர்ப்பாதையிலும் அதே காலில்தான் கடைசிவரை வந்தது. வழக்கமாக நேர்ப்பாதைக்கு வந்ததும் கால் மாற்றும். மாற்றினால்தான் களைத்த கால் ஓயும். பழக்கமின்மையாக இருந்தால் பாதகமில்லை, காலையோட்டத்தில் கற்றுக்கொடுக்கலாம். வலியாக இருந்தால் விஷயம் வேறு. முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொல். சூடு இருந்தாலோ, காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாலோ ஷின் நோவுதான். இரண்டு வயதில் எலும்பு இன்னும் கெட்டிப்படவில்லை. வேக ஓட்டத்தைக் கூட்டினால் முதலில் அடிபடுவது அந்த இடம். அப்படியானால் சில வாரம் நடை, மெதுவான கேன்டர் (நிதானமான ஓட்டம்), அவ்வளவுதான். முழங்கால் எக்ஸ்ரேயும் எடுத்துவிடு. அடுத்த ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப் விட்டு, மூச்சுக்குழாயில் ரத்தம் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். தீவனத் தொட்டியில் ஓட்ஸ் மிஞ்சுகிறதா என்று குதிரையைப் பராமரிக்கும் சைஸைக் கேள். அவர் சொல்வது டிரெய்னர் சொல்வதைவிட நம்பகம்.

தோற்ற குதிரைகளையும் விட்டுவிடாதே. 2010 ஆகஸ்டில் இங்கிலாந்தில் நியூமார்க்கெட்டில் ஃப்ராங்கெல் என்ற குதிரை முதல்முறை ஓடி, நத்தானியேல் என்ற குதிரையை அரை லெங்த்தில்தான் ஜெயித்தது. அடுத்த வருஷம் அந்த நத்தானியேல் அஸ்காட்டில் கிங் ஜார்ஜ் பந்தயத்தை ஜெயித்தபோதுதான் அந்த அரை லெங்த்தின் மதிப்பு முழுசாகத் தெரிந்தது. உன் பந்தயத்தில் இரண்டாவது, மூன்றாவது வந்தவை அடுத்து என்ன செய்கின்றன என்று குறித்துவை.

டெர்பி 2400 மீட்டர், நாலு வயதுக் குதிரைகளுக்கு. தாய் 1200ஐத் தாண்டி ஜெயித்ததே இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். என் கணக்கில் இது மைல் குதிரை, அதாவது 1600 மீட்டர் வரைக்கும்தான். பந்தயக் குதிரைக்கு ஜனவரி 1இல்தான் வயது கூடும்; அடுத்த ஜனவரி 1 வந்தால் இதற்கு மூன்று வயதுக் கணக்கு. அந்த வருஷ டிசம்பரில் மும்பையில் 1000 கினீஸ், மூன்று வயதுப் பெண் குதிரைகளுக்கான பந்தயம், 1600 மீட்டர். அதற்கு முன் அடுத்த ஓட்டத்தை 1400 மீட்டரில் ஓடவிட்டுப் பார்க்கலாம். கால் பரிசோதனை முடிந்ததும் எழுது.

அன்புடன்,
ராஜு