ஃபிரட்டர்னிட்டி கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கு ஒரு தாயின் திறந்த மடல்

வட அமெரிக்க ஃபிரட்டர்னிட்டி கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நான் நியூ ஜெர்சியில் வாழும் தமிழ்ப்பெண். கல்லூரிக்குப் போகவிருக்கும் என் மகன் ஃபிரட்டர்னிட்டியில், அதாவது மாணவர்கள் சகோதரர்கள்போல ஒரு வீட்டில் கூடும் ஆண்கள் சங்கத்தில், சேர ஆசைப்படுகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தை அவனிடம் கொட்டுவதைவிட உங்களிடம் சொல்வதுதான் சரி.

குடி, கும்மாளம், காசுள்ள வீட்டுப் பிள்ளைகளின் கூட்டம் என்றுதான் ஊர் உங்களைப் பார்க்கிறது. இதில் சினிமா ஊதிப் பெருக்கியதும் உண்டு. ஆனால் 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஃபிரட்டர்னிட்டி வீடு ஒன்றில் நடந்தது சினிமா இல்லை. புதிதாகச் சேர வந்த 19 வயதுப் பையனைக் குடிக்க வைத்தார்கள். அவன் படிக்கட்டில் விழுந்து அடிபட்டுக் கிடந்தான். கிட்டத்தட்ட 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அவன் இறந்துபோனான். மது கூடாது என்று விதி இருந்த வீடு அது. அங்கே நடந்ததை உலகுக்குச் சொன்னது சுவரில் இருந்த கேமராதான், உள்ளே இருந்தவர்கள் இல்லை.

அதன்பிறகு, 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவுக்கு உங்கள் வீடுகளில் கட்டுப்பாடு கொண்டுவந்தீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரோடு கைகோத்துக் கடுமையான சட்டங்களுக்காகப் பாடுபட்டீர்கள். அதை மதிக்கிறேன். ஆனாலும் 2021-இல் ஒஹாயோவின் பௌலிங் கிரீனில், ஒரு பாட்டில் போர்பன் விஸ்கியைக் குடித்து முடிக்க வேண்டும் என்ற "மரபு" இன்னொரு மாணவனைக் கொன்றது. அது வளாகத்துக்கு வெளியே நடந்தது. உங்கள் விதி வீட்டுக்குள் இருந்தது, பாட்டில் வெளியே போய்விட்டது, அவ்வளவுதான்.

பெண்களுக்கான இதே மாதிரிச் சங்கங்களான சொராரிட்டிகளின் கதையும் இப்படித்தான். அலபாமா பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகளை ஒதுக்கியதை 2013-இல் மாணவர் பத்திரிகை அம்பலப்படுத்திய பிறகுதான் கதவு திறந்தது.

இந்தச் சங்கங்களைப் போலக் கிரேக்க எழுத்துப் பெயர் உள்ள எல்லா அமைப்பையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமில்லை என்பதும் எனக்குத் தெரியும். 1906-இல் கார்னெலில் கறுப்பின மாணவர்கள் தங்களுக்குள் ஒரு துணை தேடித் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் மார்ட்டின் லூதர் கிங் உறுப்பினர். டெல்டா சிக்மா தீட்டா என்ற கறுப்பினச் சொராரிட்டியின் பெண்கள், அமைப்பைத் தொடங்கிய 1913-இலேயே வாக்குரிமை கேட்டு வாஷிங்டனில் ஊர்வலம் போனார்கள். என் மகன் தேடுவதும் அந்த மாதிரித் துணையைத்தான். அதனால்தான் அவனுக்கு ஒரேயடியாக மறுப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊரில் ராகிங் கேள்விப்பட்டு வளர்ந்தவள் நான். 1996-இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தது. ராகிங்கில் சீனியர் வந்து பிடிப்பான். இங்கே பிள்ளையே அண்ணன் தம்பி உறவு தேடி வாசலுக்கு வருகிறான். "விரும்பித்தானே வந்தான்" என்று சொல்லித் தப்பிக்க இடம் கொடுப்பதால், இது எனக்கு இன்னும் கொடுமையாகத் தெரிகிறது.

2024 டிசம்பரில் வந்த அமெரிக்க மத்திய சட்டப்படி கல்லூரிகள் ஹேசிங் விவரங்களை, அதாவது சேர வரும் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தியதன் விவரங்களை, வெளியிட்டாக வேண்டும். அது கல்லூரிகளுக்கான கடமை. நீங்களாக முன்வந்து செய்யக் கேட்பது இதுதான்: ஒவ்வொரு சாப்டரும், அதாவது ஒவ்வொரு கல்லூரிக் கிளையும், கடந்த பத்து ஆண்டுகளில் செய்த விதிமீறல், பெற்ற தண்டனை, மூடப்பட்டுத் திரும்பத் திறக்கப்பட்டிருந்தால் அந்த விவரம், எல்லாவற்றையும் சேர்க்கை விண்ணப்பம் இருக்கும் அதே பக்கத்தில் போடுங்கள். தொண்டுக்குத் திரட்டிய பணக்கணக்கு அதற்குக் கீழே இருக்கட்டும். புது உறுப்பினர்களைச் சேர்க்கும் அடுத்த ரஷ் தொடங்கும் முன் இதைச் செய்தால், நானும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.

இப்படிக்கு,
ஒரு மாணவனின் தாய்