வீட்டு போனில் இலக்கம் தெரிவதும் மறைப்பதும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம், ஸலாம்.

மட்டக்களப்பில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது: "டிரெக்டரியில இருந்து எங்கட பேரை எடுத்தாச்சு. பிறகும் ஏன் நம்பர் மற்றவங்கட போன்ல விழுது?"

இரண்டும் வேறு வேறு காரியங்கள். டிரெக்டரி என்பது உங்கள் பெயர், விலாசம், இலக்கம் இருக்கும் பட்டியல். அழைப்பவர் இலக்கமோ ஒவ்வொரு கோலோடும் போய்ச் சேருவது. ஒன்றை நிறுத்தினால் மற்றது நிற்காது. இணைப்பைத் தந்த நிறுவனத்திடம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். போகும்போது கடைசி பில்லையும் அடையாள அட்டையையும் கையில் எடுங்கள். பெயரை முழுதாக எடுக்க மனமில்லை என்றால் விலாசத்தை மட்டும் விட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஏற்கனவே அச்சான புத்தகத்தில் இருப்பது இருந்துகொண்டேதான் இருக்கும். கோல் எடுப்பவர் பெயரைக் காட்டும் ட்ரூகோலர் போன்ற செயலிகளிலும் உங்கள் இலக்கம் பெயரோடு கிடக்கலாம், அதை அங்கேயே போய்த்தான் நீக்க வேண்டும்.

இலக்கத்தை நிரந்தரமாக மறைத்து வைக்க நான் சொல்ல மாட்டேன். இலக்கம் விழாத கோலை இப்போது பலர் எடுப்பதே இல்லை. அவசரத்துக்கு மகளுக்கு எடுக்கிறீர்கள், அவர் யாரோ என்று விட்டுவிடுவார். தேவையான ஒரு கோலுக்கு மட்டும் மறைப்பதே நல்லது. கைத்தொலைபேசியில் பெரும்பாலும் இலக்கத்துக்கு முன் #31# அழுத்தினால் அந்த ஒரு கோலுக்கு மறையும். வீட்டு போனுக்கு முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இலக்கம் இல்லாமல் வரும் கோல்களை அடைத்துவிடலாமா என்றும் கேட்கிறார்கள். பிள்ளைகள் கத்தாரிலோ சவூதியிலோ இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். வெளிநாட்டுக் கோல் பல வேளை இலக்கம் இல்லாமலோ வேறு இலக்கத்தோடோ வரும். அடைத்தால் அந்தக் கோலும் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். திரையில் மட்டக்களப்பின் 065 என்றோ கல்முனையின் 067 என்றோ விழுவதால் மட்டும் கோல் அங்கிருந்துதான் வருகிறது என்று நம்ப வேண்டாம். இலக்கத்தைப் போலியாகவும் காட்ட முடியும். வங்கியில் இருந்து பேசுகிறோம் என்று ஓடிபி, அதாவது உங்கள் போனுக்கு வரும் ஒருமுறை இரகசிய இலக்கம், கேட்டால் சொல்லாமல் போனை வையுங்கள். வங்கிப் புத்தகத்தில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள்.

கல்லடியில் இருந்து ஒரு மாமி, திரையில் ஒன்றுமே விழவில்லை என்று செட்டைக் கொண்டுவந்தார். பற்றரிப் பெட்டியைத் திறந்தால் கம்பிச் சுருளில் பச்சையாகக் களிம்பு. வாவியும் கடலும் இருக்கிற ஊரில் இது சகஜம். அதைச் சுரண்டிப் புதுப் பற்றரி போட்டோம். பிறகும் விழவில்லை என்று மறுநாள் வந்தார். அப்புறம்தான் தெரிந்தது, மாமி முதல் மணியிலேயே ரிசீவரைத் தூக்கிவிடுகிறார். பல செட்டுகளில் இலக்கம் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில்தான் வரும். இரண்டு மணி அடிக்க விட்டு எடுத்துப் பாருங்கள் என்றோம். சரியாகிவிட்டது. இப்போது மகனின் கோல் என்று பார்த்து எடுக்கிறாராம்.

திருத்தத்துக்குச் செட்டைத் தரும் முன் அதில் சேமித்த பெயர்களையும் வந்த கோல்களின் பட்டியலையும் அழித்துவிடுங்கள். மறந்து வந்தால் உங்கள் முன்னாலேயே அழித்துத் தருவோம், அதற்குக் காசு வேண்டாம். பழைய செட்டை வேறு யாருக்கும் கொடுப்பதாக இருந்தாலும் அப்படியே கொண்டுவாருங்கள். போயா தினங்களில் மட்டும் கடை பூட்டு.