மறுகாலுக்கு வழி: தாமிரபரணிக் கடைமடைக் கிராம சபையினருக்கு ஒரு திறந்த மடல்

தாமிரபரணிப் பாசனத்தின் கடைசிப் பகுதியான (கடைமடை) ஸ்ரீவைகுண்டம், ஏரல், திருச்செந்தூர் வட்டங்களில் குளத்துப் பாசனத்தை நம்பியிருக்கும் ஊர்களின் கிராம சபையினருக்கும் பாசன சங்கத்தாருக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பெய்தது. அப்படிப்பட்ட மழையை எந்தக் கரையும் முழுதாகத் தாங்கியிருக்காது என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறேன். ஆனால், அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளை எப்போது திறந்தார்கள், எவ்வளவு திறந்தார்கள் என்பதோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். எனினும், அணைகளுக்குக் கீழே நம் ஊர்கள்மீதே கொட்டிய மழைக்கு அணையின் மதகில் விடை கிடையாது. அது, குளம் நிரம்பியதும் உபரிநீர் வழிந்தோடும் மறுகால் வழியாகக் குளத்திலிருந்து குளத்துக்குப் பாய்ந்து கடலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் வடகாலின் (வடக்குக் கால்வாயின்) கடைசிக் குளமான கோரம்பள்ளம் குளம், கால்வாய்த் தண்ணீரோடு மேற்கே மணியாச்சிப் பக்கத்திலிருந்து வரும் காட்டாற்று வெள்ளத்தையும் வாங்கிக்கொள்கிறது. அன்று அது உடைந்ததால் தூத்துக்குடியின் புறப்பகுதிகளும் நெடுஞ்சாலையும் மூழ்கின. மேலே எத்தனை குளங்களின் உபரிநீர் ஒரே நேரத்தில் வந்து சேரும் என்பதைக் கடைசிக் குளத்துக்காரர்கள் கரையில் நின்று பார்த்துத்தான் அறிய வேண்டிய நிலை இன்றும் மாறவில்லை.

மறுகாலில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் போதாது என்ற அச்சத்தில் மறுகால் மேல் மணல் மூட்டை அடுக்கி ஓர் அடி உயர்த்திவிடுகிறோம்; கடைமடையில் அந்த அச்சம் நியாயமானதுதான். குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்தவர் மீன் வெளியேறாமலிருக்க அதே இடத்தில் வலை கட்டுகிறார். முதல் மழையில் அடித்து வரும் அமலைச் செடியும் (ஆகாயத்தாமரையும்) உடைமரக் கிளையும் அந்த வலையில் அடைத்துக்கொள்ள, மறுகால் மற்றொரு கரையாகிவிடுகிறது. மறுகாலை அடைத்திருக்கும் பலகையைத் தூக்கும் திருகு கம்பி துருப்பிடித்து இறுகியிருப்பது வெள்ளம் வரும் இரவு பதினொரு மணிக்குத்தான் தெரியவருகிறது. இவற்றில் எதற்கும் கோடிக்கணக்கில் திட்டம் தேவையில்லை. அக்டோபர் இறுதிக்குப் பின் மூட்டையோ வலையோ இருக்கக்கூடாது என்று ஊர் கூடி முடிவெடுக்க வேண்டும். குத்தகை ஒப்பந்தத்திலும் அதை ஒரு நிபந்தனையாக எழுதிவிட வேண்டும்.

இதைவிடக் கடினமானது, வழிந்த நீரைக் கீழே கொண்டுபோகும் மறுகால் ஓடை. பல குளங்களில் அது சிறிது தூரம் புறம்போக்காகப் போய், பிறகு பட்டா நிலத்துக்குள் மறைந்துவிடுகிறது. குளங்களை அளந்து எல்லை குறிக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் பட்டா வயலில் மண் அடித்து மேடாக்கி மனை போடுபவரை அந்தச் சட்டத்தைக் கொண்டு தடுக்க முடியும் என்று நான் நம்பவில்லை. அங்கே ஊர்க் கட்டுப்பாடு ஒன்றே வழி. 2023-இல் வெள்ளம் ஓடிய தடத்தைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரோடு நடந்துபோய், அந்தத் தடத்தை நில அளவைப் புலப்படத்தில் குறித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் வரைந்து வையுங்கள். அந்தத் தடத்தில் பயிர் இருக்கட்டும். வீடும் சுற்றுச்சுவரும் வேண்டாம். அரசு வீட்டுத் திட்டத்துக்கு இடம் காட்டும்போதும் அந்தப் படத்தைப் பார்த்த பிறகே காட்டுங்கள், ஏனெனில் நிலமற்றவர்களுக்குத் தாழ்வான புறம்போக்கைக் காட்டிவிட்டு, வெள்ளம் வந்ததும் அவர்களையே ஆக்கிரமிப்பாளர் என்று பழிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைந்த குளம் ஊராட்சி ஒன்றியத்திடமும், பெரிய குளம் நீர்வளத் துறையிடமும் இருப்பதால், ஒரே வரிசையில் உள்ள இரண்டு குளங்களுக்கு இரண்டு அலுவலகங்கள் பொறுப்பு. ஆகவே மேல்குளம் நிரம்பி மறுகால் விழுந்ததும், கீழ்குளத்தில் நீரைத் திறந்து பங்கிடும் பணியாளரான நீர்க்கட்டிக்குச் செய்தி போகும் ஏற்பாட்டை ஊர்களே தமக்குள் செய்துகொள்ள வேண்டும். செல்போன் கோபுரங்கள் செயலிழந்தால் யார் எந்த வழியாக நேரில் போவது என்பதும் அதில் அடங்கும். அன்று ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் சமைத்துப் போட்டார்கள். அவ்வளவு கூடிச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய காரியமல்ல.

அக்டோபர் 2 கிராம சபை இதற்குக் காலம் கடந்தது; வடகிழக்குப் பருவமழைக்கு அதன்பின் இரண்டு, மூன்று வாரங்களே இருக்கும். எனவே ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே மறுகால் ஓடையைத் தனிப் பொருளாக வைத்து, தீர்மானத்தின் நகலை மேல்குளத்து ஊருக்கும் கீழ்குளத்து ஊருக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். மறுகால் பலகையின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் ஊரில் இல்லாவிட்டால் யாரிடம் இருக்கும் என்பதையும் அந்தத் தீர்மானத்திலேயே பெயரோடு எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
கடைமடைப் பாசனக்காரர் ஒருவர்