பெட்டியின் மேல் அங்குலம் மட்டும் போதாது: லிஃப்ட் கிட் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சஸ்பென்ஷன் லிஃப்ட் கிட், அதாவது வண்டியைச் சக்கரத்துக்கு மேல் உயர்த்தி நிறுத்தும் பாகங்களின் தொகுப்பு, தயாரிக்கும் கம்பெனிகளுக்கும், கவுண்டரில் நின்று அதை எடுத்துக் கொடுப்பவர்களுக்கும் வணக்கம்.

1979 முதல் 1995 வரை அமெரிக்காவில் விற்ற டொயோட்டா நாலு சக்கர டிரைவ் பிக்கப்பை மற்ற நாடுகளில் ஹைலக்ஸ் என்பார்கள். அதற்கு நீங்கள் விற்கும் பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது: 2 அங்குலம், 3 அங்குலம், 4 அங்குலம். வாங்குகிறவரும் அதைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார். அந்த எண்ணை எங்கிருந்து அளந்தீர்கள், எவ்வளவு எடைக்குக் கணக்குப் போட்டீர்கள், பெட்டிக்குள் இல்லாத எதையெல்லாம் தனியாக வாங்க வேண்டும் என்பதையும் அச்சடியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அளவிலிருந்து தொடங்குவோம். முப்பது நாற்பது வருடம் ஓடிய வண்டியில் ஸ்பிரிங் பட்டைகள் தொய்ந்து ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கும். புது வண்டியை வைத்து 3 அங்குலம் என்று வளைத்த ஸ்பிரிங்கை இதில் மாட்டினால், நின்றிருந்த உயரத்திலிருந்து நாலு, நாலரை அங்குலம் ஏறும். வாங்கியவர் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். அவர் ஏற்கெனவே ஒரு நீள ஷேக்கிளும் (ஸ்பிரிங் முனையை அடிச்சட்டத்தோடு இணைக்கும் தொங்கு பட்டை) போட்டிருந்தால் கணக்கு இன்னும் தப்பும். 3 அங்குலத்துக்கென்று வந்த ஷாக்கும் (துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) பிரேக் ஹோஸும் அப்போது எட்டாது. இதற்கு மருந்து சுலபம். கிட்டைப் பூட்டிய பின் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) விளிம்பு வரை எத்தனை அங்குலம் இருக்கும் என்று முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் போட்டுவிடுங்கள். வாங்குகிறவர் வீட்டிலேயே டேப்பை வைத்து நாலு மூலையையும் அளந்து, தன் வண்டி எவ்வளவு ஏறும் என்று தெரிந்துகொள்வார். நாலு மூலையும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்பது பழைய டொயோட்டாக்களுக்கு வழக்கம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஸ்பிரிங்கைக் கொடுத்தால் அந்தச் சாய்வும் அப்படியே மேலே ஏறும்.

லிஃப்ட் எதைச் செய்யாது என்பதையும் சொல்லுங்கள். ஸ்பிரிங் சேஸைத்தான், அதாவது அடிச்சட்டத்தைத்தான், தூக்கும். ஒரே துண்டு ஆக்ஸிலின் (இரு சக்கரத்தையும் இணைக்கும் அச்சு) நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின், அதாவது இழுவையை இரு சக்கரத்துக்கும் பிரிக்கும் பல்சக்கரக் கூட்டின், அடிப்பகுதியைத் தரையிலிருந்து கால் அங்குலம்கூட உயர்த்தாது. அந்தக் கூட்டை, அதாவது ஹவுசிங்கை, உயர்த்துவது டயர் மட்டும், அதுவும் விட்டத்தில் கூடுவதில் பாதி. வண்டியோடு வந்த 225/75ஆர்15 டயரின் விட்டம் சுமார் 28.3 அங்குலம். 31 அங்குல டயர் போட்டால் ஹவுசிங் ஏறுவது ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று அதிகம், 33 போட்டால் இரண்டேகால் அங்குலத்துக்கு மேல். ஆகவே எந்த டயர், எந்தப் பாதை, எவ்வளவு சுமை என்று முதலில் கேளுங்கள். அங்குலத்தைப் பிறகு பேசலாம். 31-க்குப் பெரிய லிஃப்ட் தேவையே இல்லை, ஸ்பிரிங் தொய்யாமல் இருந்தால் ஃபெண்டரில் சிறு வெட்டுத் திருத்தத்தோடு உட்கார்ந்துவிடும். 33-க்கு 3 அல்லது 4 அங்குலம் நியாயம். அதற்கு மேல் போகிறவர் வெறும் லிஃப்ட் கிட்டோடு நிற்க முடியாது. ஸ்டியரிங், ஆக்ஸிலுக்கு இழுவை கொண்டுபோகும் ஷாஃப்ட், கியர் மூன்றையும் மாற்றுகிற வேலையில் இறங்குகிறார். அதை வாங்கும்போதே அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

1979–85 வண்டியும் 1986–95 வண்டியும் பெயரில் மட்டும்தான் ஒன்று. முன்னதில் முன்பக்கமும் ஒரே துண்டு ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங் (பட்டை அடுக்கு). பின்னதில் முன்பக்கம் தனித்தனிச் சக்கர சஸ்பென்ஷன், டார்ஷன் பார் (முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி).

பழைய ஆக்ஸில் வண்டிக்குச் சரியான வழி முழு ஸ்பிரிங் கட்டையும் மாற்றுவது. நீள ஷேக்கிளில் கிடைப்பது பாதிதான்: ஷேக்கிள் 2 அங்குலம் நீண்டால் வண்டி 1 அங்குலம் ஏறும். இந்த வண்டியில் முன் ஸ்பிரிங்கின் ஷேக்கிள் பின்முனையில் இருப்பதால், அந்த முனை தாழ்ந்து பினியன் (ஷாஃப்ட் வந்து டிஃபரன்ஷியலில் சேரும் முனை) மூக்கு கீழே திரும்பும், முன் ஷாஃப்ட்டின் கோணம் கெடும். கூடுதல் பட்டை சொருகுவது மலிவு. ஆனால் குட்டைப் பட்டை சொருகினால் அது முடிகிற இடத்தில் மேலே இருக்கும் பட்டை வளைந்து வளைந்து அங்கேயே முறியும். சொருகுவதானால் நீளப் பட்டையாக இருக்கட்டும். பிளாக் (ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் வைக்கும் கட்டை) பின்னுக்கு மட்டும், அதுவும் ஒன்றே ஒன்று. முன் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் பிளாக் வைப்பதையும், பின்னால் ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவதையும் எந்தக் கடையும் செய்து கொடுக்கக் கூடாது. பிளாக் உயர உயர ஆக்ஸில் முறுக்குவதற்கு நெம்புகோல் நீளம் கூடும், ஸ்பிரிங் எஸ் வடிவில் வளையும், சரிவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் துள்ளும்.

அடுத்தது ஸ்டியரிங். பெரும்பாலான பெட்டிகளில் விட்டுப்போவது இதுதான். இந்த வண்டியில் டிராக் லிங்க் என்ற ஸ்டியரிங் கம்பி சேஸை ஒட்டி முன்பின்னாக ஓடி, ஓட்டுநர் பக்கத்து நக்கிளை (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) தள்ளியும் இழுத்தும் திருப்புகிறது. வண்டி ஏறும்போது அந்தக் கம்பி சாய்கிறது. பிறகு ஒவ்வொரு மேட்டுக்கும் ஸ்டியரிங் தானாக ஆடும், பிரேக் அடித்தால் ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வாங்கியவர் இதை அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்துக் கடை கடையாக ஏறி இறங்குவார். 2, 3 அங்குலம் வரை டிராப் பிட்மேன் ஆர்மாலோ (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் கையின் தாழ்ந்த வடிவம்) நக்கிள் பக்கத்து ஆர்மை உயர்த்தியோ சமாளிக்கலாம். 4-க்கு மேல் குறுக்கு டிராக் லிங்க் முறைக்கு மாறுவதே சரி. அதற்கு 1986–95 வண்டியின் ஸ்டியரிங் பாக்ஸும், நக்கிள் மேல் உட்காரும் உயர ஆர்ம்களும் தேவை. இந்தச் செலவு பல வேளைகளில் ஸ்பிரிங்கின் விலையைத் தொட்டுவிடும். ஸ்டியரிங் பாக்ஸ் பொருந்தும் இடத்தில் சேஸ் விரிசல் விடுவது இந்த வண்டிகளில் தெரிந்த சங்கதி. பெரிய டயர் போடும் முன் அந்த இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நக்கிள் ஆர்மின் நான்கு ஸ்டட்களும் கூம்பு வாஷர்களும் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அவை தளர்ந்து வெட்டுப்பட்டால் ஸ்டியரிங் கையைவிட்டுப் போகும்.

பின் ஷாஃப்ட் விஷயத்தில் சும்மா ஒரு ஆப்பு (ஆக்ஸிலைச் சாய்க்க ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கும் சரிவுத் துண்டு) போட்டு அனுப்புவதை நிறுத்துங்கள். இரு முனையிலும் ஒற்றைக் கிராஸ் (ஷாஃப்ட் கோணத்தில் சுழல விடும் இணைப்பு) இருந்தால், இரண்டு கோணங்களும் ஒரு டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். அதற்குப் பினியனும் டிரான்ஸ்ஃபர் கேஸின் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) வெளிமுனையும் இணையாக இருக்க வேண்டும். மேல்முனையில் இரட்டைக் கிராஸ் இருந்தால் நேர்மாறாக, பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்கிப் பார்க்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மூக்கு மேலே எழும் என்பதால் ஒன்றிரண்டு டிகிரி தாழ்வாக. எந்த ஷாஃப்ட் என்று கேட்காமல் ஆப்பு கொடுத்தால் அதிர்வை விலைக்கு விற்கிறீர்கள். ஆப்பு இரும்பாக இருக்கட்டும். அலுமினிய ஆப்பு நசுங்கும், யூ போல்ட் (ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யூ வடிவ போல்ட்) தளரும், சென்டர் போல்ட் வெட்டுப்படும். ஸ்லிப் யோக் (ஷாஃப்ட் நீண்டு குறுக விடும் வழுக்கு முனை) எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதையும் சக்கரம் தொங்கும் நிலையில் பார்க்க வேண்டும்.

யாரும் சொல்லாத ஒன்று பின் பிரேக்கில் இருக்கிறது. சேஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே ஒரு கம்பியோடு வரும் சுமை உணர் வால்வு, வண்டி தாழ்ந்தால் சுமை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். லிஃப்ட் போட்டதும் அதற்கு வண்டி எப்போதும் காலியாகத் தெரியும். பின் பிரேக் ஏறக்குறைய வேலையே செய்யாது, முன் பிரேக் மட்டும் தேயும். ஆக்ஸில் பக்கத்து பிராக்கெட்டை லிஃப்ட் அளவுக்கு உயர்த்தும் ஒரு சிறு இரும்புத் துண்டு போதும். அதைப் பெட்டியில் போடாததற்கு விலை ஒரு காரணமாக இருக்கவே முடியாது.

1986-க்குப் பிந்தைய வண்டிக்கு வருவோம். டார்ஷன் பார் போல்ட்டை இறுக்கினால் காசில்லாமல் ஏறுகிறது என்று பலரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். ஸ்பிரிங் அதனால் கெட்டியாவதில்லை. சக்கரம் கீழே இறங்கும் தூரம் பறிபோகிறது. மேல் ஆர்ம் தொங்கு நிலைத் தடுப்பு ரப்பரில் போய் உட்கார்ந்துவிடுவதால்தான் வண்டி தட்டுகிறது. ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை அங்குலம். அதோடு நிறுத்த வேண்டும். மேல் பால் ஜாயிண்டுக்கு ஸ்பேசரும் தாழ்ந்த தடுப்பு ரப்பரும் போட்டால் இழந்த தூரத்தில் கொஞ்சம் திரும்பும். அப்போது சிவி ஜாயிண்டின் (முன் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் வளையும் இணைப்பு) கோணம்தான் எல்லை. முன் டிஃபரன்ஷியலை ஓர் அங்குலம் இறக்கும் ஸ்பேசர் அதற்குச் சற்று உதவும். 4 அங்குல பிராக்கெட் கிட் கீழ் ஆர்மையும் டிஃபரன்ஷியலையும் சேர்த்துக் கீழே இறக்குகிறது. கோணங்கள் பழையபடி இருக்கும், சக்கரம் ஏறி இறங்கும் தூரமும் பழையபடியேதான் இருக்கும். புதிய குறுக்குச் சட்டம் தரைக்குப் பக்கத்தில் தொங்குவதால் பாறையில் முதலில் தட்டுவது அதுதான். பெரிய டயருக்கு இடம் வேண்டும் என்பவருக்கு இது சரி. பாறைப் பாதையில் சக்கரம் நன்றாக ஏறி இறங்க வேண்டும் என்பவருக்கு இதை விற்காதீர்கள். ஐட்லர் ஆர்ம் (ஸ்டியரிங் கம்பியின் மறுபக்கத்தைத் தாங்கும் கை) இந்த வண்டியின் பலவீனம். 33 அங்குல டயரோடு பழைய ஐட்லர் ஆர்மை விட்டுவைத்தால் எந்த அலைன்மென்டும் நிற்காது.

எடை. முன்னால் இரும்பு பம்பரும் 8,000 பவுண்டு இழுக்கும் வின்ச்சும் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி) சேர்ந்தால் 150 முதல் 200 பவுண்டு கூடும். அதைத் தாங்கச் செய்த ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் சொன்னதைவிட உயரமாக நிற்கும், சிறு கல்லுக்கெல்லாம் பல்லை ஆட்டும். ஆஸ்திரேலியக் கம்பெனிகள் சில எடை வரம்பைச் சொல்லித்தான் ஸ்பிரிங்கை விற்கின்றன. நீங்களும் ஓர் அங்குலம் அழுங்க எத்தனை பவுண்டு வேண்டும் என்று எழுதலாமே.

ஷாக்குக்கு முழு நீளத்தையும் மூடிய நீளத்தையும் அச்சடியுங்கள். மேலே பம்ப் ஸ்டாப் (சக்கரம் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர்) இடிக்கும்போது ஷாக்கில் குறைந்தது அரை அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். கீழே முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது. இரண்டையும் ஒரு சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி மறுபக்கம் தொங்கவிட்டு அளந்துவிடலாம், பூட்டுகிறவருக்கு அரை மணி நேர வேலை.

கியரைப் பற்றியும் ஒரு வரி. 4.10 ஆக்ஸில் (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.10 முறை சுற்றும் கியர்) உள்ள வண்டிக்கு 33 அங்குல டயர் போட்டால் அது சுமார் 3.5 போல நடந்துகொள்ளும், இந்த வண்டிகளில் வந்த நாலு சிலிண்டர் 22ஆர்இ எஞ்சின் மேட்டில் திணறும். பழைய இழுவை திரும்ப 4.78 வேண்டும், கடையில் கிடைப்பதில் 4.88 பக்கத்தில் வருகிறது. மாற்றாவிட்டால் ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 70-இல் போகும்.

கலிஃபோர்னியாவில் பிக்கப்பின் சேஸ் உயரத்துக்குச் சட்ட வரம்பு உண்டு: மொத்த எடை வரம்பு 4,500 பவுண்டு வரையுள்ள வண்டிக்கு 27 அங்குலம், 4,501 முதல் 7,500 வரை 30 அங்குலம். மற்ற மாநிலங்களில் விதி வேறுபடும். எங்கே விற்றாலும் ஹெட்லைட்டைத் தாழ்த்தச் சொல்லுங்கள், எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருக்கட்டும்.

கடைசியாக, பெட்டிக்குள் ஒரு தாள் வையுங்கள். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை இழுபட்டது மறுபடி அதே பிடி கொடுக்காது. புதியதைக் குறுக்காக மாற்றி மாற்றி, வண்டி தரையில் நிற்கும்போது இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள ஸ்பிரிங் கண் போல்ட்டையும் சுமை சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும், தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழியும். 100 மைல் ஓடியதும் ஒருமுறை, 500 மைலில் இன்னொரு முறை டார்க் ரென்ச் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தாளின் கீழே இரண்டு தேதிகளையும் ஓடிய மைலையும் எழுத இடம் விட்டு, பூட்டிய கடை கையெழுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
பழைய டொயோட்டா பிக்கப்களைப் பிரித்துப் பூட்டுகிறவர்கள்