உப்புமானி தந்த தவறான அளவும் உங்கள் உதவிப் பிரிவு சொன்ன தவறான நோயும்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், சிங்கப்பூர்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா/அம்மையீர்,

வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன் உங்களிடம் ரீஃப் தொட்டிக்கான (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) தொடக்கப் பெட்டி ஒன்று வாங்கினேன். ரசீது இணைத்துள்ளேன். அதிலிருந்த ரிஃப்ராக்டோமீட்டரை, அதாவது தண்ணீரின் உப்பளவைக் காட்டும் உப்புமானியை, நம்பி ஒரு ஹேமர் பவளத்தை இழந்துவிட்டேன்.

கருவியோடு வந்த தாளில், ஆர்ஓ தண்ணீர் (உப்பு நீக்கி வடிகட்டிய நீர்) ஒரு சொட்டு விட்டு பூஜ்யத்தில் நிறுத்தினால் போதும் என்று போட்டிருந்தது. அப்படியே செய்தேன். தொட்டித் தண்ணீரின் உப்பளவு 35 (ஆயிரத்துக்கு 35 பங்கு) என்று காட்டியது. கடல் நீரின் அளவும் அதுதானே என்று நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஹேமர் சரியாக விரியவில்லை. அப்புறம் தொட்டியிலிருந்த இன்னொரு வகைப் பவளமான ஸோவாக்களும் மூடிக்கொண்டன. உங்கள் உதவிப் பிரிவுக்குப் படம் அனுப்பினேன். "வெளுப்பு, விளக்கைக் குறையுங்கள்" என்றார்கள். குறைத்தேன். ஒரு வாரம் கழித்து "பிரவுன் ஜெல்லி நோய்" என்று மாற்றிச் சொல்லி, 24 வெள்ளிக்கு அயோடின் மருந்து விற்றார்கள். அதில் முக்கியெடுத்த மூன்றாம் நாள் ஹேமர் போய்விட்டது.

புதியவனான எனக்கு அப்போது தெரியாத விஷயம், உங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளுத்த பவளத்தில் சதை அப்படியே இருக்கும். உள்ளே வாழும் பாசி போய்விடுவதால் சதை கண்ணாடி மாதிரியாகி வெள்ளை எலும்பு தெரியும். என் ஹேமரில் சதையே அடியிலிருந்து விலகி வெற்றெலும்பு தெரிந்தது. பிரவுன் ஜெல்லி என்றால் பழுப்புக் கூழ் மிதக்கும், நாற்றம் குடலைப் புரட்டும். அப்படி எதுவும் இல்லை. அனுப்பிய படங்களிலேயே இது தெளிவு. இரண்டு முறையும் ஒருவர்கூட "தண்ணீரின் உப்பளவு என்ன, கருவியை எதை வைத்துச் சரிபார்த்தீர்கள்?" என்று கேட்கவில்லை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு பவளங்கள் ஒரே சமயத்தில் சுருங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான்.

கடைசியில், பவளம் வளர்க்கும் நண்பர் ஒருவர் 35 அளவுள்ள சரிபார்ப்புத் திரவம் கொண்டுவந்தார். உங்கள் கருவி அதை 40 என்றது! பூஜ்யத்தில் சரியாக இருந்து, மேலே போகப் போகத் தப்பியிருக்கிறது. அதாவது என் தொட்டியின் உப்பு உண்மையில் 31-ஐக்கூடத் தொடவில்லை. ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் உப்பு நீர் ஊற்றிப் பத்து நாளில் மெல்ல ஏற்றினேன். ஸோவாக்கள் இப்போது விரிகின்றன.

என் தொட்டியும் இளசுதான், அவசரப்பட்டு ஹேமர் வாங்கியது என் தவறு. அதனால் பவளத்தின் விலையைக் கேட்கவில்லை. கருவிக்கும் மருந்துக்கும் கொடுத்த பணத்தைத் திருப்பித் தாருங்கள். அந்தத் தாளைத் திருத்தி, பெட்டியோடு 35 அளவுத் திரவம் ஒரு சிறு பாக்கெட்டாவது வையுங்கள்.

கருவியை எந்த நாளிலும் கொண்டுவந்து காட்டத் தயார். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, படங்கள், உதவிப் பிரிவோடு நடந்த உரையாடல்