சம்பல் இடிக்கவில்லை, தட்டடவு

சிங்கப்பூர்
ஜூன், மூன்றாவது வாரம்

அன்புள்ள அக்கா,

நேற்று பேசிக்கொண்டிருக்கும்போதே பாப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள், நீ கேட்டதற்குப் பதிலே சொல்ல முடியவில்லை. "கிளாஸ் ஒரு மாசம் லீவுன்னா நீ என்னடி பண்ற, சாப்பிட்டுத் தூங்குறியா?" என்று கேட்டாயே, அது உறுத்திக்கொண்டே இருந்தது. வாட்ஸப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் நீ படிக்கமாட்டாய், அத்தான்தான் படித்துச் சிரிப்பார். அதனால் உட்கார்ந்து நீளமாகவே எழுதுகிறேன். சமையல் வேலை முடிந்து காலை நீட்டிக்கொண்டு படி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இங்கே கோடை விடுமுறை கிடையாது, ஏனென்றால் கோடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. பூமத்திய ரேகை பக்கத்திலேயே போகிறது, வருஷம் முழுக்க ஒரே புழுக்கம். பள்ளிக்கூடத்துக்கு ஜூனில் நாலு வாரம் விடுவார்கள், பிள்ளைகள் எல்லாம் ஊருக்கோ மலேசியாவுக்கோ கிளம்பிவிடும், என் பரதநாட்டிய வகுப்பும் கூடவே மூடிவிடும். டீச்சர் சென்னைக்குப் போய்விட்டார். நாலு வாரத்துக்குத் தாளம் தட்டுகிற தட்டுக்கழிச் சத்தமே இல்லை.

முதல் வாரம் நீ சொன்ன மாதிரியேதான், சாப்பிட்டேன், தூங்கினேன். அதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மூன்று மாதமாக வர்ணம் என்கிற அந்த நீளமான உருப்படியைப் பழகிப் பழகிக் குதிகால் கெஞ்சிக்கொண்டிருந்தது, ஆபீஸில் மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஐஸ் தண்ணீர்ப் பாட்டிலை உள்ளங்காலில் உருட்டிக்கொண்டே வேலை பார்த்தவள் நான். ஓய்வு வேண்டியிருந்தது. ஆனால் இரண்டாவது வாரம் ஒரு நாள், ஞாபகம் இருக்கிறதா பார்ப்போம் என்று மூன்று வேகத்திலும் ஆடுகிற திரிகால ஜதியை எடுத்தேன். முதல் காலம் சரி, இரண்டாம் காலம் பரவாயில்லை, மூன்றாம் காலம் பாதிக்கு வரும்போதே மூச்சு தொண்டையில் வந்து நின்றுவிட்டது. காலுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, மூச்சுக்குத்தான் மறந்துபோயிருந்தது. டீச்சர் போகும்போதே சொன்னார், தசையின் பலம் மூன்று நாலு வாரம் தாங்கும், மூச்சு அப்படி இல்லை, இரண்டு வாரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிடும் என்று. நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, வீட்டிலேயே ஆடுவோம் என்று மறுநாள் சாயங்காலம் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, முதன்முதலில் படிப்போமே, பாதத்தால் தரையைத் தட்டுகிற அந்தப் பால பாடம், தட்டடவு, அதை ஆரம்பித்தேன். நான் இருப்பது ஒன்பதாவது மாடி. கும்பகோணத்தில் நம் வீட்டு ரேழியில் எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் அது மண்ணுக்குள் போய்விடும், இங்கே என் தரைதான் இன்னொருவர் வீட்டுக் கூரை. அது தெரிந்த விஷயம்தானே, ஆனாலும் கால் தட்டும்போது மண்டையில் ஏறுவதில்லை. நாலாவது தட்டடவில் காலிங் பெல்.

கதவைத் திறந்தால் கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி. எழுபது வயது இருக்கும், பூப்போட்ட சட்டை, கையில் பாத்திரம் துடைக்கிற துணி. கோபமாக இல்லை, கவலையாக இருந்தார். ஒரு கையைக் கிண்ணம் மாதிரி வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அதில் இடித்துக் காட்டினார். மிளகாய்ச் சம்பல் இடிக்கிறாயா, இவ்வளவு நேரம் இடித்தால் கை வலிக்காதா என்று கேட்கிறாராம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. வாயால் சொல்லத் தெரியாமல் வாசலிலேயே முட்டியை வெளிப்பக்கமாக மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து, சத்தம் வராமல் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினேன். ஓ, டான்ஸ், டான்ஸ் என்றார். அப்புறம் குனிந்து என் வலது முட்டியைப் பார்த்தார். விரலால் அதை வெளிப்பக்கமாகத் தள்ளிவிட்டு, என் கால் கட்டைவிரலைக் காட்டி, முட்டி இதற்கு மேலே வரவேண்டும், உள்ளே விழக்கூடாது என்று சைகையிலேயே சொன்னார்.

அக்கா, நம் வாத்தியார் கழியால் அதே முட்டியைத்தான் தட்டுவார். எனக்கு இடது கால் ஒழுங்காகத் திரும்பும், வலது கால் களைத்தால் உள்ளே சாய்ந்துவிடும். அது இந்த ஆன்ட்டிக்கு எப்படித் தெரிந்தது?

மறுநாள் காலையில் தெரிந்தது. இங்கே ஆறரை மணிக்கும் இருட்டாகத்தான் இருக்கும், சூரியன் எழவே ஏழாகிவிடும். லிப்டில் இறங்கிப் போனேன், எங்கள் புளோக்குக்குக் கீழே வாய்ட் டெக்கில், அதாவது தரைத்தளத்தில் வீடு இல்லாமல் திறந்தே விட்டிருப்பார்களே, கல்யாணம், துக்கம் எல்லாவற்றுக்கும் அதுதான் இடம், அங்கே பத்துப் பன்னிரண்டு பாட்டிகள் தாய்ச்சி என்கிற சீன உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சின்ன ஸ்பீக்கரில் இழுத்து இழுத்து ஒரு பாட்டு. முன் வரிசையில் நம் ஆன்ட்டி. என்னைப் பார்த்ததும் கையாட்டிக் கூப்பிட்டார். கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

பார்க்கச் சும்மா காற்றைத் தடவுகிற மாதிரி இருக்கும், செய்து பார், தொடை பத்து நிமிஷத்தில் நடுங்கும். முட்டியை மடக்கி இடுப்பை இறக்கிக்கொண்டு, உடம்பு பாரம் முழுவதையும் ஒரு காலில் ஏற்றிவிட்டு, காலியாக இருக்கிற இன்னொரு காலை மெதுவாக எடுத்து வைக்கவேண்டும். பாரம் வேறு, அடி வேறு. நாட்டடவில் நாம் எப்போதும் நீட்டுகிற காலைத்தானே பார்ப்போம், குதிகால் அழகாக ஊன்றியதா, பாதம் தூக்கியிருக்கிறதா என்று. உண்மையில் வேலை செய்கிறது மண்டியில் நிற்கிற இன்னொரு கால், அது கொஞ்சம் எழும்பினாலும் மொத்தமும் போய்விடும். இத்தனை வருஷம் ஆடியும் இதை நான் வேகத்தில் மூடி மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. இவ்வளவு மெதுவாகச் செய்யும்போது மறைக்க வழியில்லை.

இப்போது வாரத்தில் நாலு நாள் போகிறேன். சில காலைகளில் சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று காற்றும் மழையும் அடித்துக்கொண்டு வரும், இந்த மாதங்களில் அது சகஜமாம், சாரல் உள்ளே வந்துவிட்டால் பாட்டிகள் எல்லாம் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று அப்படியே தொடர்வார்கள். யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

ஒரு நாள் ஆன்ட்டியிடம் சொன்னேன், உங்கள் ஊர் வண்ணத்துப்பூச்சிக் காதலர் கதையை எங்கள் நடனத்தில் இங்கேயே ஆடியிருக்கிறார்கள், 1958இலேயே என்று. அவருடைய பேரன் மொழிபெயர்த்துச் சொன்னான். நம்பவே இல்லை. சாந்தா பாஸ்கர் அமைத்தது அது. அவரும் அவர் கணவர் கே.பி. பாஸ்கரும்தான் இங்கே பரதத்துக்கு வேர் பிடிக்க வைத்தவர்களில் முக்கியமானவர்கள், பாஸ்கர் 1952இலேயே பள்ளி ஆரம்பித்துவிட்டார். அப்புறம் கலாக்ஷேத்ராவில் படித்த நீலா சத்தியலிங்கம் 1977இல் அப்சரஸ் ஆர்ட்ஸைத் தொடங்கினார். நீ ஒரு தடவை கேட்டாயே, அங்கெல்லாம் பொங்கல் கலைநிகழ்ச்சிக்கு மட்டும்தானே ஆடுவார்கள் என்று. உன்மேல் எனக்குக் கோபம் அப்போது. நாம் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னாலிருந்தே இங்கே அலாரிப்பிலிருந்து தில்லானா வரை மார்க்கம் முழுசாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

வாய்ட் டெக்கில் தாய்ச்சி செய்யலாம், அடவு ஆடக்கூடாது. நான் ஆடினேன், மூன்று நாள். சுத்த சிமெண்டுத் தரை, குதித்துக் குதிகாலை ஊன்றி மெட்டும்போது அதிர்ச்சி அப்படியே முழங்கால் எலும்பில் ஏறுகிறது. மூன்றாம் நாள் ராத்திரி கணுக்காலுக்கு மேலே முன்பக்க எலும்பைத் தொட முடியவில்லை. டீச்சருக்கு எழுதினேன். இரண்டே வரியில் பதில் வந்தது: சிமெண்டில் குதிக்காதே, இரண்டு நாள் நீந்து. அதனால் பக்கத்து நீச்சல் குளத்துக்குப் போனேன், அதற்குச் சில வெள்ளிதான், டாலரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு நீச்சல் அவ்வளவாக வராது என்று உனக்குத் தெரியும், நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு பரவல் அடவு ஆடினேன். தண்ணீர் கையைப் பிடித்து இழுக்கும், வேகம் காட்டவே முடியாது. பக்கத்தில் நீந்திய பையன் இரண்டு தடவை நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான், முழுகுகிறேன் என்று நினைத்தானோ என்னவோ.

மூச்சுக்கு மாடிப்படி. ஒன்பது மாடி, ஏறி இறங்கினால் போதும், வேறு ஜிம் தேவையில்லை. முதல் நாள் ஆறாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமைகளில் மட்டும் வகுப்புத் தோழிகள் நாலு பேர் சேர்ந்து சமூக மன்றத்தில் மரத்தரை போட்ட அறையை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுக்கிறோம், காசைப் பிரித்துக்கொள்வோம். மரத்தரையில் கால் வைத்ததுமே தெரியும், தட்டின அடியைத் தரை வாங்கிக்கொண்டு கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். அறை கிடைக்காத ஒரு சனிக்கிழமை எஸ்பிளனேடு கலையரங்கத்துக்குப் போகிற சுரங்கப்பாதைக்குப் போனோம். அங்கே கண்ணாடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொரியப் பாட்டுக்கு ஆடுகிற பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். தாவணியைச் செருகிக்கொண்டு நாங்களும் ஓரமாக நின்று, குதிக்காமல், பதம் என்கிற காதல் பாட்டுக்கு அபிநயம் மட்டும் பார்த்தோம். அந்தப் பக்கம் டம் டம் என்று அதிர்கிறது, இந்தப் பக்கம் நாங்கள் தோழியைத் தூது அனுப்பிக்கொண்டிருக்கிறோம். யாரும் எங்களை ஒரு பொருட்டாகக் கருதவில்லை, அது சுகமாகத்தான் இருந்தது.

இப்போது உனக்கு ஒரு வேலை.

தனியாக ஆடும்போது நான் ஓடுகிறேன் அக்கா. வாயால் சொல்லிக்கொண்டு ஆடினால் மூச்சு வாங்கும்போதெல்லாம் சொல் முந்திக்கொள்கிறது, போனில் டிக் டிக் என்று ஓட விட்டால் கணக்கு சரியாக இருக்கிறது, ஆனால் ஆட மனம் வரவில்லை. அது காத்திருக்காது, முறைக்காது. சின்ன வயதில் வாத்தியார் வராத நாளில் நீ முக்காலியைக் கவிழ்த்துப் போட்டு மத்தால் தட்டிக்கொண்டே சொல்வாயே, தெய்யா தெய், தெய்யா தெய் என்று, நான் மண்டியிலிருந்து எழும்பினால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவாயே, அதுதான் எனக்கு வேண்டும். கல்யாணத்துக்கு அப்புறம் நீ ஆடவில்லை, சரி, அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆனால் சொற்கட்டு உன் வாயில் அப்படியே இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போன மாதம் வீடியோவில் பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போது நாட்டடவுச் சொல்லைத்தான் தாலாட்டு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தாய், நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

ஒவ்வொரு அடவும் மூன்று காலத்திலும் சொல்லிப் பதிவு செய்து அனுப்பு. குக்கர் விசில் அடித்தாலும் நிறுத்தாதே. மூன்றாம் காலத்தை ரொம்ப விரட்டாதே, இன்னும் மூச்சு முழுசாகத் திரும்பவில்லை.

எதிர்வீட்டு அண்ணன் ஜூலை இரண்டாவது வாரம் திருச்சிக்கு விமானத்தில் வருகிறார். அவரிடம் ஆறு பாட்டில் கோடாலித் தைலம் கொடுத்து அனுப்புகிறேன், இரண்டு அம்மாவின் முட்டிக்கு, இரண்டு அத்தைக்கு, மிச்சம் உனக்கு, அத்தான் எடுத்து ஒளித்து வைத்துவிடாமல் பார்த்துக்கொள். திரும்பும்போது அவரிடம் நம் தட்டுக்கழியைக் கொடுத்தனுப்பு. பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் பழைய பாவாடையில் சுற்றி வைத்திருக்கிறேன். அடியில் வைத்துத் தட்டுகிற மணை வேண்டாம், கழி மட்டும் போதும், மணையையும் வைத்தால் அவர் பெட்டி எடை தாண்டிவிடும். இங்கே தட்டுவதற்குப் பலகை பார்த்துவிட்டேன், கீழ்வீட்டு ஆன்ட்டி இறைச்சி வெட்டுகிற பழைய கட்டை ஒன்றைத் தேய்த்துக் கழுவித் தருகிறேன் என்றிருக்கிறார். அம்மாவிடம் அது என்ன கட்டை என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் தங்கை