கொதிநீரில் 38 ஓம்: பழைய ஜீப்புக்கு டெம்பரேச்சர் மீட்டர் பூட்டித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

பெரியோர்களே, நண்பர்களே,

ஒரு மீட்டர் பூட்டியதற்கு இத்தனை பேருக்கு நன்றியா என்று சிரிக்க வேண்டாம். முள் அசைகிற மீட்டரை யார் வேண்டுமானாலும் பூட்டலாம். உள்ளதைக் காட்டும் மீட்டர் வேண்டுமென்றால் ஐந்தாறு கைகள் படத்தான் வேண்டும்.

முதல் நன்றி புதுச்சேரி ஸ்பேர்ஸ் கடை ஐயாவுக்கு. மீட்டரை மட்டும் கேட்டோம், தர மறுத்தார். "தனி மீட்டரைப் பழைய சென்சாரில் மாட்டாதீங்க தம்பி. முள் ஆடும், கணக்கு வராது" என்று சொல்லி, மீட்டரையும் இன்ஜின் சூட்டை உணரும் சென்சாரையும் ஜோடியாகத்தான் கொடுத்தார். சூடு ஏற ஏற சென்சாரின் ஓம், அதாவது மின்தடை, இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அவர் தந்தது விடிஓ கம்பெனி வகை, 120 டிகிரி அளவுகோல் கொண்டது. அதற்கு 60 டிகிரியில் சுமார் 134 ஓம், 90இல் 51, 100இல் 38. வேறு அளவுகோலுக்கான சென்சாரை இதில் மாட்டினால், இன்ஜின் கொதிக்கும்போது முள் பச்சையில் உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கணக்கைச் சரிபார்க்க அடுப்பு தந்த மஞ்சக்குப்பம் டீக்கடை அக்காவுக்கு அடுத்த நன்றி. சென்சாரைக் கம்பியில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல், நுனி மட்டும் நீரில் முழுகும்படி தொங்கவிட வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனை பித்தளை உடம்பில், இன்னொன்று டெர்மினலில். கடற்கரை ஊரில் ஒரு வசதி: கொதிக்கிற தண்ணீர் என்றால் அது 100 டிகிரிதான், தெர்மாமீட்டர்கூட வேண்டாம். 38க்கு ஓரிரு ஓம் முன்பின் இருந்தால் சரி. அக்கா பால் பொங்கியதையும் பொருட்படுத்தவில்லை.

லேத் அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது நிறைய. இன்ஜின் தலையில் இருந்த துளை 16 மி.மீ., மரை இடைவெளி 1.5. புது சென்சாரோ 1/8 என்.பி.டி. என்ற அமெரிக்க மரை அளவு. நடுவில் ஒரு பித்தளை அடாப்டர் வேண்டும். அண்ணன் முதலில் செய்தது மரை இடைவெளி பார்க்கும் பிட்ச் கேஜை எடுத்து மரையை அளந்ததுதான். 1/8 என்.பி.டி.க்கு அங்குலத்துக்கு 27 மரை, பிரிட்டிஷ் அளவான 1/8 பி.எஸ்.பி.க்கு 28. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிப் போட்டால் இரண்டு மூன்று சுற்று இறங்கி இறுகிக்கொள்ளும். பொருந்திவிட்டது என்று ஸ்பானர் போட்டால் பித்தளை மரை கிழியும், இல்லையேல் சூட்டில் கசியும். 8.5 மி.மீ. துளை போட்டு, மரை வெட்டும் என்.பி.டி. டேப் இறக்கி, வெளிமரைக்கு ஒரு செம்பு வாஷர் கொடுத்தார். முதல் அடாப்டரின் தலை உயரம் 15 மி.மீ.; சென்சார் நுனி தண்ணீர் ஓடும் பாதைக்கு எட்டாமல் உள்ளேயே நின்றது. அப்படியே பூட்டியிருந்தால் எப்போதும் குறைத்துத்தான் காட்டும். நாங்கள் கேட்காமலே அதைக் கழித்துவிட்டு, தலையை 8 மி.மீ. ஆக்கி வேறொன்று கடைந்தார். கூலி ஒன்றுக்குத்தான் வாங்கினார்.

இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாயை, அதாவது டாப் ஹோஸை, வெட்டி நடுவில் சென்சார் வைக்கலாமே என்று பலர் சொல்வார்கள். நாங்கள் அதற்கு ஒப்பவில்லை. சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி விடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கும்வரை அங்கே சூடான தண்ணீர் வராது. ரப்பர் நடுவே இருப்பதால் எர்த்தும் (மின்சாரம் திரும்பும் ஒயர்) தனியாக இழுக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் பாய் கடையில் கால் வைத்ததும் சென்சார் மரையில் சுற்றியிருந்த டெஃப்லான் டேப்பை உரித்துப் போட்டார். ஒற்றை டெர்மினல் சென்சாருக்கு அதன் மரைதான் எர்த். டேப் அதை மறைத்தால் ஓம் கூடும், முள் குறைத்துக் காட்டும். குறைத்துக் காட்டுவதுதான் ஆபத்து. நுனி இரண்டு மரையை விட்டுவிட்டு மிச்சத்தில் துளி சீலண்ட் தடவினார். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்த இன்ஜின் எர்த் பட்டையைக் கழற்றி, முனையிலுள்ள லக்கை உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்து, பூட்டியபின் கிரீஸ் பூசினார். பழைய பைமெட்டல் வகை மீட்டருக்கு வோல்ட்டை நிலையாக வைக்கும் ஸ்டெபிலைசர் ஒயரை விட்டுவிட்டு, இக்னிஷன் வழியே வரும் 12 வோல்ட்டை ஃபியூஸ் வைத்து நேரே கொடுத்தார். கடைசியாக ஒரு சோதனை: சென்சார் ஒயரைக் கழற்றினால் முள் அடியில் விழ வேண்டும்; ஒயரை ஒரு நொடி எர்த்தில் தொட்டால் மேல்கோடிக்கு ஓட வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் சரி. மீதிச் சந்தேகம் சென்சாரில்தான்.

முதுநகர் ரேடியேட்டர் பெரியவர் சொன்னதை எல்லா ஜீப்காரர்களும் கேட்க வேண்டும். தண்ணீர் குறைந்து சென்சார் ஆவியில் நின்றால், இன்ஜின் வேகும்போதே முள் இறங்கும். ஆகவே முள் திடீரென விழுந்தால் சந்தோஷப்படாமல் வண்டியை நிறுத்துங்கள்; சூடு ஆறாமல் மூடியைத் திறக்காதீர்கள். நீர் நிரப்பும்போது ஜீப்பின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, இன்ஜினை ஐடிலில் விட்டார். 82 டிகிரி தெர்மோஸ்டாட் திறந்து, காற்றுக்குமிழி நின்றபின் மட்டம் நிரப்பி மூடினார். மூடி 7 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கானது; அந்த அழுத்தத்தைப் பிடித்தால் வெறும் தண்ணீரே 111 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும்.

கேப்பர் மலை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் கூடவே வந்து, டார்ச் அடித்து முள்ளைப் பார்த்துச் சொன்ன தம்பிக்கும் நன்றி. ஏறும்போது 92, இறங்கி நின்றதும் 84. பானெட்டின் உட்புறம் வெள்ளை பெயின்டில் "60–134, 90–51, 100–38" என்று எழுதித் தந்ததும் அவர்தான்.

இப்படிக்கு,
பழைய ஜீப் வைத்திருப்போர் சிலர், கடலூர்